வீட்டில் மனைவி, ஏட்டில் சொத்து

1850 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத் தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட்டில் ரிச்சர்ட் மென்டர் ஜான்சன் இறந்தார். வயது 70. போர் வீரர். முப்பது ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் இருந்தவர். 1837 முதல் 1841 வரை அந்த நாட்டின் துணை அதிபர். அவருடைய சொத்து யாருக்கு என்ற கேள்வி நீதிமன்றத்துக்கு வந்தபோது, அவருக்கு மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை, பெற்றோர் இல்லை என்று பதிவு செய்தார்கள். மிச்சமிருந்த சொத்து அவருடைய சகோதரர்களுக்குப் போனது.

பெற்றோர் இல்லை என்பது உண்மை. மனைவியாக அவருடன் வாழ்ந்தவரும் 17 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். ஆனால் பிள்ளைகள் இல்லை என்பது பொய். அவருடைய மூத்த மகள் இமோஜீன் அப்போது உயிரோடு இருந்தார். கணவர் பிள்ளைகளோடு அந்தப் பகுதியிலேயே வாழ்ந்துகொண்டிருந்தார். இமோஜீன் யார் மகள் என்பது ஊருக்கே தெரியும். அந்த ஊருக்கு மட்டுமல்ல, பத்திரிகை படித்த அமெரிக்கா முழுவதற்கும் தெரியும். தெரிந்தும் ஒரு நீதிமன்றம் அப்படி எழுதியது. காரணம் ஒன்றுதான். இமோஜீனின் தாய் ஜூலியா சின் ஓர் அடிமைப் பெண்.

துணை அதிபர்களின் வரிசையில் ஜான்சனை யாரும் அதிகம் நினைவில் வைத்திருப்பதில்லை. நாம் அவரைப் படிக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் அவர் வகித்த பதவி அல்ல. ஒடுக்குகிற சாதியில் பிறந்த ஒருவன் ஒடுக்கப்பட்ட பெண்ணோடு வெளிப்படையாகக் குடும்பம் நடத்தினால் அவன் அந்த அமைப்பை எதிர்த்தவன் ஆகிவிடுகிறானா? இந்தக் கேள்விக்கு அவருடைய வாழ்க்கையைப் போலக் கறாரான பாடம் வேறு கிடைப்பது கடினம்.

பண்ணை வீட்டுப் பிள்ளை

ஜான்சன் 1780-ல் பிறந்தார். இன்றைய கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் எல்லைப்புறம். பூர்வகுடி மக்களை விரட்டிவிட்டு வெள்ளையர் குடியேறிக்கொண்டிருந்த நிலம். அவருடைய தந்தை ராபர்ட் ஜான்சன் அப்படிக் கிடைத்த நிலத்தில் பெரும் பண்ணையாரானவர். நிலத்தோடு அடிமைகளும் வந்தார்கள். பிள்ளை சட்டம் படித்தார். 1807-ல் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். கென்டக்கியில் பிறந்து அந்தச் சபைக்குள் நுழைந்த முதல் ஆள் அவர்தான்.

அவரை நாடறியச் செய்தது போர். 1812-ல் பிரிட்டனோடு தொடங்கிய போரில் அவர் கென்டக்கி குதிரைப்படைத் தொண்டர்களைத் திரட்டிக்கொண்டு போனார். 1813 அக்டோபர் 5 அன்று, இன்றைய கனடாவில் தேம்ஸ் ஆற்றங்கரையில் நடந்த சண்டையில் ஷானி இனத் தலைவர் டெகும்சே கொல்லப்பட்டார். பல பூர்வகுடி இனங்களை ஒரே அணியாக்கி, நிலப் பறிப்பை எதிர்த்து நின்ற மாபெரும் தலைவர் அவர். படுகாயங்களோடு மீண்ட ஜான்சன்தான் டெகும்சேவைக் கொன்றவர் என்று அவருடைய ஆதரவாளர்கள் பரப்பினார்கள். யார் சுட்டது என்பது உறுதியாகவில்லை. ஆனால் அந்தப் பெயரை வைத்து ஜான்சன் வாழ்நாள் முழுக்க வாக்குக் கேட்டார்.

மறுபக்கம், அவர் ஏழை வெள்ளையரின் தலைவராகவும் இருந்தார். கடன் கட்ட முடியாதவனைச் சிறையில் போடும் வழக்கத்தை எதிர்த்துப் பத்தாண்டுகள் விடாமல் போராடினார். 1832-ல் மத்திய அரசு அந்த வழக்கத்தை ஒழித்துச் சட்டம் போட்டதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. ஞாயிற்றுக்கிழமை அஞ்சல் அலுவலகங்களை மூட வேண்டும் என்று மதவாதிகள் கேட்டபோது, அரசு மதத்தில் தலையிடக் கூடாது என்று சொல்லி அதை எதிர்த்த அறிக்கைகளும் அவர் பெயரில் வந்தவையே. நகரத் தொழிலாளர்கள் அவரை அதிபர் வேட்பாளராகவே பேசத் தொடங்கினார்கள்.

ஆனால் 1820-ல், மிசோரி மாநிலத்தில் அடிமை முறைக்குத் தடை விதிக்கலாமா என்ற விவாதம் வந்தபோது, தடை கூடாது என்ற பக்கம் நின்றார். கடனுக்காக ஒரு மனிதனைப் பூட்டிவைப்பது கொடுமை என்றவர், கடனுக்காக ஒரு மனிதனை ஏலத்தில் விற்கலாம் என்ற சட்டத்தோடு நிம்மதியாக வாழ்ந்தார். அவருக்கு 'மனிதன்' என்ற சொல்லின் எல்லை எங்கே முடிந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஜூலியா

ஜூலியா சின் 1790-ஐ ஒட்டிப் பிறந்தவர். ஜான்சன் குடும்பத்தின் அடிமையாக அந்த வீட்டிலேயே வளர்ந்தவர். அவருக்கும் ஜான்சனுக்கும் உறவு ஏற்பட்டபோது அவர் இளம்பெண். ஜான்சன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர், நாடாளுமன்ற உறுப்பினர், அவரை உடைமையாகக் கொண்ட குடும்பத்தின் வாரிசு. 1812-ல் இமோஜீன் பிறந்தார். பிறகு அடலின்.

இந்த உறவைக் காதல் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஜூலியாவின் மனதில் என்ன இருந்தது என்று நமக்குச் சொல்ல அவருடைய கடிதம் ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை. ஆனால் ஒன்றை நாம் உறுதியாகச் சொல்லலாம். மறுக்கும் உரிமை அவருக்குச் சட்டத்தில் இல்லை. ஓர் அடிமைப் பெண்ணை அவளுடைய எசமான் வன்புணர்ந்தால் அதைக் குற்றமாகப் பார்க்கும் சட்டம் அந்த மாநிலத்தில் இல்லை. 'வேண்டாம்' என்று சொல்ல முடியாத இடத்தில் சொன்ன 'சரி'யை நாம் எப்படி எடுத்துக்கொள்வது? சமூகப் பணியில் இருக்கும் நம் எல்லோருக்கும் பழக்கமான கேள்விதான் இது.

ஸ்காட் கவுண்டியில் இருந்த ஜான்சனின் 'புளூ ஸ்பிரிங்' பண்ணையை நடத்தியது ஜூலியாதான். ஜான்சன் ஆண்டில் பாதி நாள் வாஷிங்டனில் இருப்பார். அந்த நாள்களில் கணக்கு, கடைக்குக் கொடுக்க வேண்டிய பணம், விருந்தினர், வேலையாட்கள் எல்லாம் ஜூலியாவின் பொறுப்பு. பிரெஞ்சுத் தளபதி லஃபாயத் 1825-ல் பண்ணைக்கு வந்தபோது அந்தப் பெரிய வரவேற்பை முன்னின்று நடத்தியவர் அவர். அதே ஆண்டு பண்ணையில் 'சோக்டா அகாடமி' என்ற பள்ளி தொடங்கியது. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி. நிலத்தை விட்டுக்கொடுத்த உடன்படிக்கைகளின்படி சோக்டா மக்களுக்குச் சேர வேண்டிய பணத்தில் நடந்த பள்ளி. கடனில் மூழ்கியிருந்த ஜான்சனுக்கு அது பெரிய வருமானம். அங்கே சமைத்தவர்கள், துவைத்தவர்கள் பண்ணையின் அடிமைகள். நோயுற்ற மாணவர்களைக் கவனித்தவர்களில் ஜூலியாவும் ஒருவர்.

கசப்பான ஒரு பக்கத்தையும் நாம் தாண்டிப் போகக் கூடாது. பண்ணையில் இருந்த மற்ற அடிமைகள்மீது ஜூலியாவுக்கு அதிகாரம் இருந்தது. அவருடைய சொல்லைக் கேட்காதவர்களைத் தண்டிக்கும்படி ஜான்சன் வாஷிங்டனிலிருந்து பள்ளி ஆசிரியர் தாமஸ் ஹெண்டர்சனுக்குக் கடிதம் எழுதினார். ஒடுக்குமுறை எப்போதும் இப்படி ஒரு படிக்கட்டைக் கட்டுகிறது. மேல் படிக்கு ஏற்றிவிடப்பட்டவர் கீழ்ப் படியில் நிற்பவரை மேய்க்க வேண்டும். அந்த மேல் படியும் அவருக்குச் சொந்தமில்லை.

ஏனென்றால் இத்தனை ஆண்டுகளில் ஜான்சன் ஜூலியாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கவே இல்லை. கென்டக்கிச் சட்டப்படி எசமான் ஒருவர் தன் அடிமையை விடுவிக்க முடியும். அதற்குத் தேவை ஒரு தாளும் ஒரு கையெழுத்தும். சட்டம் படித்தவர், சட்டம் இயற்றுகிறவர், அந்தக் கையெழுத்தைப் போடவில்லை. கடன்காரர்கள் வந்திருந்தால், மேசை நாற்காலியோடு சேர்த்து ஜூலியாவையும் சொத்துக் கணக்கில் எழுத முடியும் என்ற நிலையிலேயே அவர் கடைசி வரை வாழ்ந்தார்.

மகள்கள் விஷயத்தில் ஜான்சன் வேறுமாதிரி நடந்துகொண்டார். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்பது அன்றைய சட்டம். அதையும் மீறி அவர் மகள்களுக்குத் தன் பெயரைக் கொடுத்தார். ஹெண்டர்சனை வைத்துப் படிக்க வைத்தார். வெள்ளையர்களுக்குத் திருமணம் செய்து வைத்தார். இமோஜீன் 1830-ல் டேனியல் பென்ஸையும், அடலின் 1832-ல் தாமஸ் ஸ்காட்டையும் மணந்தார்கள். நிலமும் எழுதிக் கொடுத்தார். ஒரு கையெழுத்தின் மதிப்பு அவருக்குத் தெரியாமல் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

ஊர் எதற்குக் கோபப்பட்டது?

1831 ஜூலை 4. சுதந்திர தினக் கொண்டாட்டம். கனவான் வீட்டுப் பெண்கள் அமர்ந்திருந்த பந்தலுக்கு ஜான்சன் தன் மகள் அடலினை அழைத்துப்போனார். அங்கே உட்கார அவளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அடலின் திரும்பிப்போய் வண்டியில் உட்கார வேண்டியதாயிற்று. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அறிவித்த நாளைக் கொண்டாடும் பந்தல் அது. பத்திரிகைகள் இதைச் செய்தியாக்கிச் சிரித்தன.

1835-ல் ஜனநாயகக் கட்சி, மார்ட்டின் வான் பியூரனை அதிபர் வேட்பாளராகவும் ஜான்சனைத் துணை அதிபர் வேட்பாளராகவும் அறிவித்தபோது அந்தச் சிரிப்பு வெறியாக மாறியது. வர்ஜீனியா பிரதிநிதிகள் மாநாட்டிலேயே கூச்சலிட்டார்கள். டென்னசி மாநிலத் தலைமை நீதிபதி ஜான் கேட்ரன், அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுதிய கடிதத்தில், தன் மகள்களை வெள்ளையர் சமூகத்தில் சமமாக நுழைக்கப் பார்த்த இந்த ஆள் கட்சிக்கு ஆகாது என்று எச்சரித்தார். இதே கேட்ரன்தான் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியாகி, கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்ற 1857-ஆம் ஆண்டு டிரெட் ஸ்காட் தீர்ப்பில் பெரும்பான்மைப் பக்கம் இருந்தவர். ஜான்சனும் அவருடைய மகள்களும் ஜூலியாவின் படத்தை வைத்துக்கொண்டு அழுவதுபோல ஒரு கேலிச்சித்திரம் 1836 தேர்தலின்போது அச்சாகி விற்றது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அடலின் இறந்துபோயிருந்தார்.

இந்தக் கூச்சலுக்குள் ஓர் உண்மை வெளிவந்தது. கென்டக்கியின் லூயிவில் நகரத்துப் பத்திரிகை ஆசிரியர் ஜார்ஜ் பிரென்டிஸ் அதை ஒளிவுமறைவின்றி எழுதினார். ஜான்சன் இதை மறைத்து வைத்திருந்தால் நாங்கள் திரையை விலக்கியிருக்க மாட்டோம். பகிரங்கமாகச் செய்ததுதான் அவருடைய பெருங்குற்றம் என்பது அவர் எழுதியதன் சாரம்.

நண்பர்களே, இதை நிதானமாக யோசியுங்கள். அன்றைய தெற்கில் எத்தனையோ பண்ணையார்கள் அடிமைப் பெண்களிடம் பிள்ளை பெற்றார்கள். பெற்ற பிள்ளைகளையே விற்றார்கள். மூன்றாம் அதிபர் தாமஸ் ஜெபர்சனின் பண்ணையிலேயே சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண்ணும் அவருடைய பிள்ளைகளும் இருந்தார்கள். ஜெபர்சன் அந்தப் பிள்ளைகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஊர் அவரைப் பெரிய மனிதர் என்றது. சுரண்டலைக் கண்டு ஊர் கூசவில்லை. 'இவள் என் வீட்டுக்காரி, இவர்கள் என் பிள்ளைகள்' என்று ஒருவன் சொன்னதும்தான் கூசியது. காரணம், அந்தச் சொல்லில் வாரிசுரிமை இருக்கிறது, நிலம் இருக்கிறது, பந்தலில் சமமாக உட்காரும் இருக்கை இருக்கிறது.

1836 தேர்தலில் வான் பியூரன் 170 தேர்வாளர் வாக்குகள் பெற்று வென்றார். அதே வாக்குகள் ஜான்சனுக்கும் விழுந்திருக்க வேண்டும். வர்ஜீனியாவின் 23 தேர்வாளர்கள் ஜான்சனுக்கு வாக்களிக்க மறுத்தார்கள். அவருக்குக் கிடைத்தது 147. தேவை 148. ஒரே ஒரு வாக்குக் குறைவு. அரசியல் சட்டப்படி முடிவு செனட் கைக்குப் போனது. 1837 பிப்ரவரி 8 அன்று செனட் 33-க்கு 16 என்ற கணக்கில் அவரைத் தேர்ந்தெடுத்தது. செனட்டால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே துணை அதிபர் இன்றுவரை அவர்தான்.

பதவிக் காலத்தில் சொல்லும்படியாக எதுவும் செய்யவில்லை. 1839-ல் கென்டக்கிக்குத் திரும்பி ஒரு விடுதியை நடத்திக்கொண்டிருந்தார். 1840-ல் கட்சி அவரை மறுபடி வேட்பாளராக அறிவிக்கக் கூசியது. துணை அதிபர் வேட்பாளர் என்று யாரையுமே அறிவிக்காமல் மாநாட்டை முடித்தது. அந்தத் தேர்தலில் கட்சி தோற்றது.

அடுத்த பெண்

இதுவரை படித்தவர்களில் சிலருக்கு ஜான்சன்மீது கொஞ்சம் பரிவு வந்திருக்கலாம். எனக்கும் முதலில் வந்தது. ஊர் ஏசியபோதும் மகள்களைக் கைவிடாத தந்தை அல்லவா? ஆனால் கதை இன்னும் முடியவில்லை.

1833 கோடையில் கென்டக்கியில் காலரா பரவியது. பள்ளியிலும் பண்ணையிலும் பலர் படுத்தார்கள். ஜூலியாவும் அந்த நோயில் இறந்தார். அதன் பிறகு ஜான்சன் தன் அடிமைகளில் இன்னொரு பெண்ணைத் தன்னோடு வைத்துக்கொண்டார். அந்தப் பெண் வேறொருவரோடு தப்பி ஓடினார். ஜான்சன் ஆள் விட்டுப் பிடித்தார். பிடித்து, விற்றார். பிறகு அந்தப் பெண்ணின் சகோதரியை வைத்துக்கொண்டார்.

ஜூலியா ஏன் விற்கப்படவில்லை என்பதற்கும் இந்தப் பெண் ஏன் விற்கப்பட்டார் என்பதற்கும் நடுவே இருந்தது ஜான்சனின் மனநிலை மட்டும்தான். உரிமை என்பது எசமானின் மனநிலையைச் சார்ந்து இருக்காது. சார்ந்திருந்தால் அதற்குப் பெயர் சலுகை. ஜூலியாவுக்குக் கிடைத்தது இருபது ஆண்டுச் சலுகை. அந்த இரண்டாவது பெண் ஓடியதால்தான் அது சலுகை என்பது நமக்குத் தெரிகிறது. வரலாறு அவரை ஓர் அடிக்குறிப்பாக வைத்திருக்கிறது. என் பார்வையில், இந்தக் கதையில் ஜான்சனின் உண்மையான முகத்தை வெளிக்கொண்டுவந்தவர் அவர்தான்.

நமக்கு இதில் என்ன?

அமெரிக்க அடிமை முறையும் நம் சாதியும் ஒன்றல்ல. இரண்டையும் ஒப்பிட்டு எழுதிய அண்ணல் அம்பேத்கரே வேறுபாடுகளை எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் நம் முன்னோடிகள் அந்த வரலாற்றைக் கவனமாகப் படித்தார்கள். மகாத்மா ஜோதிராவ் பூலே 1873-ல் எழுதிய 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1916 மே 9 அன்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையைப் படித்தபோது, சாதியின் உயிர்நாடி அகமணம் என்றார். பெண்ணின் திருமணத்தைக் கட்டுப்படுத்தாமல் சாதி நிற்காது என்பது அந்தக் கட்டுரையின் மையம். அவர் அதைப் படித்த அந்த நாட்டில் அப்போது பல மாநிலங்களில் கறுப்பர்-வெள்ளையர் திருமணம் சட்டப்படி குற்றம். ஜூலியாவின் கென்டக்கியில் அந்தத் தடை 1967-ல் உச்ச நீதிமன்றத்தின் லவிங் தீர்ப்பு வந்த பிறகுதான் செல்லாமல் போனது.

அகமணத்தை உடைப்பது அவசியம். ஆனால் ஜான்சன் எதை உடைத்தார்? படுக்கையறையின் எல்லையை உடைத்தார். வரவேற்பறையின் எல்லையையும் ஓரளவு உடைத்தார். உடைமைப் பத்திரத்தைத் தொடவில்லை. 'நான் சாதி பார்ப்பதில்லை, என் வீட்டிலேயே பாருங்கள்' என்று சொல்கிறவர்களை நாமும் சந்திக்கிறோம். அவர்களிடம் கோபப்படத் தேவையில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டால் போதும். வீடு யார் பெயரில் இருக்கிறது? நிலம் யார் பெயரில்? பிள்ளைகள் யார் உறவாக வளர்கிறார்கள்? அந்தப் பெண் கோபித்துக்கொண்டு வெளியே போனால், அவள் கையில் என்ன இருக்கும்? சாதி மறுப்புத் திருமணங்களுக்குத் துணை நிற்கும் தோழர்கள், திருமணம் முடிந்த பிறகும் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜூலியாவைப் பற்றி இன்று நம்மால் இவ்வளவாவது பேச முடிவதற்குக் காரணம், வரலாற்றாசிரியர் அம்ரிதா சக்ரவர்த்தி மையர்ஸ் 2023-ல் வெளியிட்ட ஆய்வு நூல். கடிதங்கள், தேவாலயப் பதிவுகள், நில ஆவணங்கள் என்று தேடித் தேடி அவர் ஜூலியாவின் வாழ்க்கையை மீட்டார். ஜூலியாவின் வழித்தோன்றல்களில் பலர் காலப்போக்கில் வெள்ளையர்களாகவே கலந்துபோனார்கள். தங்களுக்கு இப்படி ஒரு பாட்டி இருந்தார் என்ற செய்தியே குடும்பங்களுக்குள் மறைக்கப்பட்டது. பாதுகாப்பாக வாழ வேண்டுமென்றால் தாயை மறைக்க வேண்டும் என்ற நிலை எவ்வளவு கொடியது என்பதை, விண்ணப்பப் படிவத்தில் சாதிப் பெயர் எழுதும் இடம் வந்ததும் கை நின்றுபோன அனுபவம் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஃபிராங்க்ஃபர்ட் கல்லறைத் தோட்டத்தில் ஜான்சனுக்கு ஓர் உயர்ந்த நினைவுத் தூண் இருக்கிறது. டெகும்சே சாகும் காட்சியை அதில் செதுக்கியிருக்கிறார்கள். ஜூலியா சின் எங்கே புதைக்கப்பட்டார் என்பது யாருக்கும் தெரியாது.